மூன்று மீன், மூன்று கிரீடம்: எங்க்ஹாய்சன் ஊர்ச்சின்னம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. நீலக் கேடயம், அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளி மீன், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தங்கக் கிரீடம். கப்பலில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் கொண்டுவந்த ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பெரிதாக வரைந்து ஒட்டியது. பேப்பர் படிக்க வருகிறவர்கள், காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடையோடு திரும்புகிறவர்கள், எல்லாரும் நின்று பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

இது எந்தக் கட்சியின் சின்னம்?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். எந்தக் கட்சியும் இல்லை. நெதர்லாந்தில், வட ஹாலந்து மாகாணத்தில், எங்க்ஹாய்சன் என்று ஒரு சின்ன நகராட்சி இருக்கிறது, அதன் ஊர்ச்சின்னம். அங்கே மொத்த மக்கள்தொகையே இருபதாயிரத்துக்குக் கீழே. சென்னை மாநகராட்சியின் ஒரு சராசரி வார்டில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் போய்ப் பார்த்தால் அது ஹாலந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று, நூற்றுக்கணக்கான மீன்பிடிக் கப்பல்கள் கிளம்பிப் போன ஊர், நம்ம பழவேற்காடு வரைக்கும் கை நீட்டிய ஊர். அந்தக் கதை கீழே வரும்.

ஊருக்கு எதற்குக் கேடயம்? சண்டைக்குப் போகிறவன்தானே கேடயம் வைத்திருப்பான்?

ஆரம்பம் அப்படித்தான். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர்வீரன் முகத்தை இரும்புக் கவசம் மூடிவிட்டால் எதிரே வருகிறவன் யார் என்று தெரியாது, அதனால் கேடயத்தில் அவரவர் குறியை வண்ணத்தில் தீட்டிக்கொண்டார்கள், அப்புறம் அது அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போய்க் குடும்பச் சொத்தானது. ஊர்கள் இதை எடுத்துக்கொண்டது வேறு வழியில். ஒரு ஊருக்கு அரசனோ பிரபுவோ உரிமைப் பட்டயம் கொடுத்தால் அந்த ஊர் சொந்தமாகச் சந்தை நடத்தலாம், வழக்கு விசாரிக்கலாம், பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். பத்திரம் என்றால் முத்திரை வேண்டும். அந்தக் காலத்தில் கையெழுத்தைவிட மெழுகில் அழுத்திய முத்திரைக்குத்தான் மதிப்பு. ஆம்ஸ்டர்டாமின் பழைய முத்திரையில் ஒரு கப்பல் இருக்கும். முத்திரையில் இருந்த உருவங்கள் பிறகு கேடயத்துக்குள் ஏறிக்கொண்டன, சில ஊர்களில் கேடயத்துக்கென்றே புதிதாக உருவம் தேடிக்கொண்டார்கள்.

எங்க்ஹாய்சனுக்கு நகர உரிமை கிடைத்தது 1350களின் நடுவில், ஹாலந்துப் பிரபு ஐந்தாம் வில்லெமிடமிருந்து.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றுதான். ஊர்ச்சின்னத்தைப் பெருமைக்காக மாட்டிக்கொள்ளும் அலங்காரம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அது பிறந்தது "இந்தப் பத்திரத்துக்கு யார் பொறுப்பு? இந்தச் சரக்குக்கு யார் ஜவாப்?" என்ற கேள்விக்குப் பதிலாக. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மீதிக் கேள்விகளுக்குப் பாதி பதில் தானே வந்துவிடும்.

அது என்ன மீன், அண்ணே? கவலை மாதிரி இருக்கே?

நல்ல கண். கேட்டவர் நாற்பது வருஷமாக மீன் விற்கிற அக்கா. அது ஹெர்ரிங். நம்ம கவலை மீனும் அதே குடும்பம்தான், உல்லம்கூட அந்த வகையறாதான். வடக்குக் கடலின் குளிர்ந்த தண்ணீரில் பெரிய பெரிய கூட்டமாக வரும். வஞ்சிரம், வவ்வால் மாதிரிப் பணக்கார மீன் கிடையாது. அங்கே ஏழைக்கும் எட்டிய மீன், கோடிக்கணக்கில் கிடைத்த மீன். கேடயத்தில் ஏறிய பிறகும் அதே சாதாரண மீன்தான். அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் பலருக்குச் சந்தோஷம்.

சாதாரண மீனுக்கு ஏன் கிரீடம்?

எல்லாரும் கேட்பது இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கேடயக் கலையின் வழக்கம். அதில் சிங்கத்துக்கும் கழுகுக்கும் கிரீடம் வைப்பது சகஜம், பாம்புக்குக்கூட வைப்பார்கள். உருவத்தின் அந்தஸ்தை ஒரு படி உயர்த்திக் காட்டுகிற வேலை. அதை யாராவது ராஜா கொடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ராஜா கொடுத்த கிரீடத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம்: 1489இல் மாக்சிமிலியன் என்ற அரசர் தன் கிரீடத்தை அந்த ஊர் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தார், ஊர் அவருக்குப் பணஉதவி செய்திருந்தது. அந்தக் கிரீடம் கேடயத்துக்கு மேலே, வெளியே உட்காரும். எங்க்ஹாய்சன் கிரீடமோ கேடயத்துக்குள்ளே, மீன் தலையிலேயே இருக்கிறது. ரெண்டும் வேறு வேறு சங்கதி.

சரி, ஏன் மீன் தலையில்? அந்த ஊரின் சோறு அந்த மீனிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் அது எப்படி வந்தது என்பதில்தான் விஷயம். ஹெர்ரிங் கொழுப்பு நிறைந்த மீன், பிடித்த கொஞ்ச நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். டச்சு மீனவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மீனைப் பிடித்த கையோடு கப்பலிலேயே சின்னக் கத்தியால் செவுளையும் குடலையும் எடுத்துவிடுவார்கள், கணையத்தை மட்டும் உள்ளே விட்டுவிடுவார்கள், உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கிவிடுவார்கள். கணையத்தில் உள்ள நொதி மீன் சதையைப் பக்குவப்படுத்தும், உப்பு கெடாமல் காக்கும். கருவாடு மாதிரி காய்வதில்லை, தன் உப்புத்தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். மாதக்கணக்கில் தாங்கும். இந்த முறையை 14ஆம் நூற்றாண்டில் பியர்ஃப்ளீட் ஊரைச் சேர்ந்த வில்லெம் போய்க்கல்சோன் என்ற மீனவர் கண்டுபிடித்தார் என்பது அங்கே வழங்கும் கதை. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவர் கல்லறைக்குப் போய் மரியாதை செலுத்தினார் என்றும் சொல்வார்கள். மீன் அறுக்கத் தெரிந்தவன் சமாதிக்குப் பேரரசன் போனான் என்ற பேச்சே நமக்குக் கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா.

இதனால் என்ன ஆயிற்று என்றால், கப்பல் தினமும் கரைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் போய்விட்டது. 'பாய்ஸ்' என்று ஒரு வகைப் பெரிய கப்பல், அதிலேயே பிடிப்பது, அறுப்பது, உப்பிடுவது, பீப்பாயில் அடைப்பது எல்லாம் நடக்கும், வாரக்கணக்கில் கடலில் நிற்கும். பிடித்த மீன் போலந்து வரைக்கும் பிரான்ஸ் வரைக்கும் போய் விலையாகும். திரும்பும்போது கப்பல் தானியத்தோடும் மரத்தோடும் உப்போடும் வரும். மரம் வந்தால் இன்னும் கப்பல் கட்டலாம். ஆம்ஸ்டர்டாமே ஹெர்ரிங் முள்ளின் மேல் கட்டிய ஊர் என்று டச்சுக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வியாபாரத்தைக் கண்காணிக்க 'பெரிய மீன்பிடி மன்றம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள், எங்க்ஹாய்சன் அதில் ஒரு முக்கிய ஊர். ஜூன் 24ஆம் தேதிக்கு முன்னால் வலை போடக் கூடாது. நம்ம கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத 61 நாள் தடைக்காலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் காரணம் வேறு: அந்தத் தேதிக்கு முன் பிடித்த மீனில் தரம் இருக்காது, வெளியூர்ச் சந்தையில் பெயர் கெடும். பீப்பாய் எந்த மரத்தில் இருக்க வேண்டும், உப்பு எப்படிப்பட்டது, எல்லாவற்றுக்கும் விதி. பரிசோதித்த பீப்பாயில் இரும்பால் சூடு வைத்து முத்திரை போடுவார்கள். முத்திரை இருந்தால் வெளிநாட்டுக்காரன் மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்குவான். அந்த நம்பிக்கைக்கு வைத்த கிரீடம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஏன் மூன்று? மும்மூர்த்தி மாதிரியா?

மும்மூர்த்தி இல்லை. கேடயக் கலையில் மூன்று என்பது வசதியான எண். இங்கிலாந்தின் மூன்று சிங்கம், சுவீடனின் மூன்று கிரீடம், பழைய பிரான்சின் மூன்று அல்லிப்பூ, ஆம்ஸ்டர்டாமின் மூன்று பெருக்கல் குறி. சின்ன உருவமாக இருந்தால் கேடயத்தை நிரப்பிக் காட்ட ஒன்று போதாது, ஐந்து நெரிசலாகும்.

நிறத்துக்கு அர்த்தம் உண்டா? நீலம் கடல்தானே?

கடல் என்று எடுத்துக்கொண்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் கேடயக் கலையில் நிறத்துக்கு முதலில் இருப்பது விதி, பிறகுதான் அர்த்தம். தங்கமும் வெள்ளியும் 'உலோகம்', அதாவது மஞ்சளும் வெள்ளையும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா இவை 'நிறம்'. உலோகத்தின் மேல் உலோகம் வரக் கூடாது, நிறத்தின் மேல் நிறம் வரக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். நீலத்தில் வெள்ளி மீன், நீலத்தில் தங்கக் கிரீடம், விதி சுத்தமாகப் பொருந்துகிறது. சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், "இதைக் கண்டுபிடிக்க ஐரோப்பா போகணுமா, மஞ்சள்மேல் வெள்ளை எழுதினா எவனுக்குத் தெரியும்" என்றார்.

நிறம் பற்றி வேறு ஒரு வேடிக்கை. 1814இல் நெதர்லாந்து அரசு பிரபுக்களின் உயர்மன்றம் என்று ஒன்றை அமைத்து, எல்லா ஊர்களும் தங்கள் சின்னத்தைப் பதிவு செய்யச் சொன்னது. பல ஊர்கள் பழைய முத்திரையின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டன. மெழுகு முத்திரையில் நிறம் ஏது? மன்றம் என்ன செய்தது என்றால், நிறம் சொல்லாதவர்களுக்கெல்லாம் நாட்டின் நிறமான நீலத்தையும் தங்கத்தையும் கொடுத்துவிட்டது. அதனால் இன்றைக்கும் நெதர்லாந்தில் சம்பந்தமே இல்லாத ஊர்களெல்லாம் நீலம்-தங்கத்தில் இருக்கின்றன. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் இருநூறு வருஷம் அப்படியே நிற்கும் என்பது நமக்கும் தெரிந்த விஷயம்தான். எங்க்ஹாய்சன் மீன் வெள்ளியாக இருப்பதிலிருந்தே அந்த ஊர் இந்தக் கூட்டத்தில் சேராது என்று தெரிந்துகொள்ளலாம்.

இணையத்தில் தேடினால் ஒவ்வொரு படத்திலும் மீன் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி?

எல்லாமே சரி. இந்தக் கலையில் அதிகாரப்பூர்வமானது படம் கிடையாது, வர்ணனை. இன்ன நிறத் தளத்தில் இன்ன நிறத்தில் இத்தனை மீன், தலையில் கிரீடம் என்று ஒரு வாசகம் பதிவாகியிருக்கும். அதை மீறாமல் எப்படி வேண்டுமானாலும் வரையலாம், மீன் ஒல்லியாக இருக்கலாம், கொழுத்திருக்கலாம், வால் வளைந்திருக்கலாம். எங்கள் பிள்ளைகள் வரைந்த மீன் கொஞ்சம் சங்கரா மாதிரி இருக்கிறது. அதுவும் செல்லும்.

நம்ம பாண்டியர் கொடியிலேயே மீன் இருந்ததே? அங்கிருந்து எடுத்ததா?

இல்லை தம்பி. ரெண்டுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

பாண்டியரின் மீன் ஓர் அரச வம்சத்தின் அடையாளம். அது எங்கே இருக்கிறதோ அங்கே பாண்டியன் ஆட்சி என்று அர்த்தம். அதனால்தான் சோழர்கள் அதைத் தங்கள் முத்திரையிலும் போட்டார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு கேள்விப்பட்டிருப்பீர்கள், 1905இல் கிடைத்தது, முதலாம் இராசேந்திரன் காலத்தது. நம்மிடமிருந்து ரொம்பத் தூரம்கூட இல்லை, அரக்கோணம் ரயிலில் போகிற வழி. அந்தச் செப்பேட்டு வளையத்தின் முத்திரையில் உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில் எல்லாம் இருக்கும், மேலே குடை. புலி சோழன், மீன் பாண்டியன், வில் சேரன். அங்கே மீன் இருப்பதற்கு அர்த்தம் மீன் பிடிப்பதல்ல. பாண்டியனைப் பிடித்துவிட்டோம் என்பதுதான்.

எங்க்ஹாய்சன் மீன் எந்த ராஜாவையும் குறிக்கவில்லை, எந்த வெற்றியையும் சொல்லவில்லை. வலையில் வந்த மீன், பீப்பாய்க்குப் போன மீன். ஆனால் முத்திரையின் வேலை என்று பார்த்தால் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். செப்பேட்டு வளையத்தை அறுத்தால் ஆவணம் செல்லாது; முத்திரை இருக்கிறது என்றால் அரசன் பொறுப்பு. சரக்குக்கு முத்திரை வைப்பதும் நமக்குப் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் ஏற்றுகிற இறக்குகிற மூட்டைகளுக்குச் சோழனின் புலி முத்திரை குத்தி வெளியே விட்டார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. ஹெர்ரிங் பீப்பாய்க்குச் சூடு வைத்ததற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய சமாச்சாரம்.

பழவேற்காட்டுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானபோது ஆறு ஊர்க் கிளைகளைச் சேர்த்துத்தான் அமைத்தார்கள்: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க் இருக்கிற ஜீலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன். மொத்தம் 17 இயக்குநர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு 8, ஜீலாந்துக்கு 4, மற்ற நான்கு ஊருக்கும் ஒவ்வொன்று, மிச்சமிருந்த ஒன்று ஆம்ஸ்டர்டாம் தவிர மற்றவர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆம்ஸ்டர்டாம் ஒன்றே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயம். ஆக எங்க்ஹாய்சனுக்கு ஒரு நாற்காலி நிச்சயம்.

அந்தக் கம்பெனிதான் பழவேற்காட்டில் வந்து இறங்கியது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள், கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர். புனித ஜார்ஜ் கோட்டை வருவதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் முன்னால் நடந்தது இது, சென்னையின் வரலாற்றை 1639இல் ஆரம்பிக்கிறவர்கள் வடக்கே கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் நல்லது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமை இடம் பழவேற்காடுதான். நாணயச்சாலைகூட அங்கே இருந்தது. இங்கே நெய்த துணி அங்கிருந்து கிழக்கே வாசனைப் பொருள் விளையும் தீவுகளுக்குப் போனது, அதைக் கொடுத்துத்தான் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். ஆட்களையும் அடிமைகளாகப் பிடித்து ஏற்றி அனுப்பினார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வெள்ளி மீன், தங்கக் கிரீடம் என்று அழகாகவே பேசிவிட்டுப் போக முடியாது. உள்ளூர் மீனில் ஆரம்பித்த பணம் கடல் தாண்டி வந்து என்ன செய்தது என்பதும் அந்த ஊரின் கணக்கில் எழுத வேண்டியதே.

அந்த ஊரிலிருந்து கிளம்பியவர்களில் யான் ஹ்யூகன் வான் லின்ஸ்கோட்டன் என்று ஒருவர். எங்க்ஹாய்சனில் வளர்ந்தவர், 1580களில் கோவாவில் போர்த்துகீசியப் பேராயரிடம் வேலை பார்த்தார், அங்கே பார்த்த கேட்ட கடல்வழிகளையும் காற்றையும் சந்தை விவரத்தையும் ஊருக்குத் திரும்பி அச்சிட்டுவிட்டார். போர்த்துகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம். அதற்கப்புறம் டச்சுக் கப்பல்களை யார் தடுக்க முடியும்?

பழைய காசு விற்கிறவரிடம் சிங்கம் போட்ட டச்சுக் காசு பார்த்தேன். அது இந்த ஊர்க் காசா?

அது டச்சுக் கம்பெனியின் காசு. ஒரு பக்கம் கம்பெனியின் V, O, C என்ற மூன்று எழுத்து ஒன்றின்மேல் ஒன்று பின்னியிருக்கும், கீழே வருஷம் இருக்கும். மறுபக்கம் எந்த மாகாணத்தில் அச்சடித்ததோ அதன் சின்னம். இரண்டு சிங்கம் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தால் அது வெஸ்ட் ஃபிரீஸ்லாந்து, அதாவது எங்க்ஹாய்சனும் ஹோர்னும் இருக்கிற பகுதி. ஒரே சிங்கம் அலையிலிருந்து பாதி உடம்போடு எழுந்து வந்தால் ஜீலாந்து. ஜீலாந்துக்காரர்களின் வாசகம், போராடி மேலே வருகிறேன் என்பது, கடலோடு மல்லுக்கட்டியே வாழ்ந்த மாகாணம். இந்தச் செப்புக் காசுகள் 1726க்குப் பிறகு அடித்தவை. மீன் போட்ட காசு என்று யாராவது இதைக் காட்டி விலை கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

இப்போதும் அங்கே ஹெர்ரிங் பிடிக்கிறார்களா?

இல்லை. கேட்கிறவர்கள் முகம் இந்த இடத்தில்தான் மாறும்.

சரிவு 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே தொடங்கிவிட்டது. டன்கிர்க்கிலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் மீன்பிடிக் கூட்டத்தை அடித்தன, இங்கிலாந்தோடு போர்கள் நடந்தன, துறைமுகம் மண் மேவிக்கொண்டே போனது, வியாபாரம் ஆம்ஸ்டர்டாம் பக்கம் ஒதுங்கியது. மக்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், ஊர் சுருங்கியது.

கடைசி அடி 1932இல். எங்க்ஹாய்சன் இருந்தது சைடர்சே என்ற உள்வாங்கிய கடலின் ஓரத்தில். புயல் வந்தால் அந்தக் கடல் ஊருக்குள் ஏறிவிடும், 1916இல் பெரிய வெள்ளம். அதனால் கடல் வாயையே அடைத்து 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை கட்டிவிட்டார்கள். கடல் ஏரியாகிவிட்டது, உப்புத் தண்ணீர் கொஞ்ச வருஷத்தில் நன்னீராகிவிட்டது. உப்பில் வாழ்ந்த ஹெர்ரிங் போயிற்று, நெத்திலி போயிற்று. விலாங்கு பிடிப்பது கொஞ்சம் தங்கியது. இப்போது அந்த ஊரில் சைடர்சே அருங்காட்சியகம் இருக்கிறது, சுற்றுவட்டார மீன்பிடி ஊர்களின் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உல்லாசப் படகுகள் நிற்கின்றன. விதை வியாபாரம் பெரிதாக நடக்கிறது, பூ விதை, காய்கறி விதை.

எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போட்டவர்கள் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வேறு கேள்வி கேட்பதில்லை. அவர்களுக்கு நான் விளக்க ஒன்றும் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: அங்கே அணை கட்டுவதற்கு முன்னால் 1918இல் சட்டம் போட்டார்கள், 1925இல் மீனவர்களுக்கு ஈட்டுத்தொகைக்கென்று தனியாக இன்னொரு சட்டம் போட்டார்கள். கொடுத்தது போதவில்லை என்ற மனக்குறை அங்கேயும் உண்டு.

மீனே இல்லாதபோது சின்னத்தை மாற்ற வேண்டியதுதானே?

யாரும் மாற்றவில்லை. சின்னம் அந்த ஊரின் இன்றைய தொழில் விளம்பரம் இல்லையே. விதைப் பொட்டலத்தைக் கேடயத்தில் போட்டால் யார் பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

ஊர்கள் ஒன்றோடொன்று இணையும்போது மட்டும் அங்கே சின்னம் மாறும். பெரும்பாலும் பழைய ஊர்களின் சின்னத்திலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துப் புதிய கேடயத்தில் சேர்த்துவிடுவார்கள், இவனுக்கு ஒரு ஓரம் அவனுக்கு ஒரு ஓரம்.

நம்ம ஊர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா? திருவொற்றியூர் நகராட்சியாக இருந்ததே?

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நான்கும் தனி நகராட்சிகள். 2011இல் மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது இவையும் உள்ளே போய்விட்டன. மாநகராட்சி 200 வார்டாயிற்று. திருவொற்றியூர் முதல் மண்டலம், மணலி இரண்டாவது, மாதவரம் மூன்றாவது. கத்திவாக்கத்துக்குத் தன் பெயரில் மண்டலம்கூட இல்லை, திருவொற்றியூர் மண்டலத்துக்குள் வார்டுகளாகப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு துண்டு கேடயத்தில் சேர்க்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.

நம் நாட்டில் ஊர்ச்சின்னத்தைப் பதிவு செய்யவென்று டச்சுக்காரர்களுடையது மாதிரி தனி மன்றமும் இல்லை. உள்ளூர் அலுவலகக் காகிதங்களில் நாம் அதிகம் பார்ப்பது மாநில அரசின் சின்னம்தான்: நடுவில் கோபுரம், அசோகரின் சிங்கத் தூண், இரண்டு பக்கமும் தேசியக் கொடி, கீழே வாய்மையே வெல்லும். 1949இல் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா மதுரைக் கோபுரமா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டையைப் படிப்பகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் நம்ம பக்கத்துக்கு ஒன்று வரைந்தால் என்ன போடுவீர்கள்?

இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில். துறைமுகக் கிரேன், ராயபுரம் ரயில் நிலையம் (1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது), கால்பந்து, குத்துச்சண்டைக் கையுறை, கேரம் காய், எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒரு பெரியவர் சும்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தை வரை என்றார். தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற தலைமுறை அது, கிண்டலாகச் சொன்னாலும் தப்பான யோசனை இல்லை.

என்னைக் கேட்டால் இவற்றில் பாதியைக் கழித்துவிடுவேன். நல்ல கேடயத்தில் ஒரு பொருள்தான் இருக்கும், எட்டு வயசுப் பிள்ளை ஞாபகத்திலிருந்து வரைய முடிய வேண்டும். எல்லாத் தெருவையும் திருப்திப்படுத்தப் போனால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். கட்டுமரம் ஒன்று போதும், கறுப்புத் தளத்தில் வெள்ளி. சேர்த்துக் கட்டிய மூன்று கட்டை, ஒரு துடுப்பு. காசிமேட்டில் இப்போது ஃபைபர் படகும் விசைப்படகும்தான் நிற்கின்றன, கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனாலும் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை யாரிடம் காட்டினாலும் தங்களுடையது என்பார்கள். கிரீடம் வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். துடுப்புக்குக் கிரீடம் வைத்தால் எப்படி அண்ணே வலிக்கிறது என்று கேட்டுவிட்டார்கள்.

எங்க்ஹாய்சன் சின்னத்தை டி-ஷர்ட்டில் அடித்துக்கொள்ளலாமா?

கால்பந்து டீமுக்கு என்று கேட்டால், நீங்களே ஒன்று வரைந்துகொள்ளுங்கள் என்பேன். அது உயிரோடு இருக்கிற ஒரு நகராட்சியின் அதிகாரச் சின்னம். நம்ம அரசுச் சின்னத்தை இஷ்டத்துக்குப் பயன்படுத்தினால் 2005ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால்?

கப்பலில் போகிற பையன்களுக்கு: ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹோர்ன் வழியாக நேர் ரயில், ஒரு மணி நேரம் பிடிக்கும், எங்க்ஹாய்சன்தான் கடைசி ஸ்டேஷன், இறங்கினால் எதிரே துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் ட்ரோமெடாரிஸ் கோபுரத்தைத் தேடிப் போங்கள். பழைய கட்டடங்களின் முகப்பை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால் மீன் கண்ணில் படும்.

மற்றவர்களுக்குப் பழவேற்காடு போதும். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடியுங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிலைகள் நிற்கும், பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் பிடிக்கும். உள்ளே பெரிய கற்பலகைகளில் கம்பெனிக்காரர்களின் குடும்பக் கேடயங்கள் செதுக்கியிருக்கின்றன. மேலே சொன்ன விதிகளை வைத்து அங்கே எது என்ன என்று நீங்களே படிக்கலாம். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது போனால் செதுக்கல் நன்றாகத் தெரியும், எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள்.